உள்வீட்டு அலை

தம்பி பேர்ணிலிருந்து அனுப்பினது.
நெருப்புப்பெட்டியிலும் சின்னன், கறுப்பு.
ரீவியின் முதுகில் சொருகினால்
உலகம் முழுக்க வருமாம்.

ஒட்டுசுட்டானில் வந்தது
ஒரு வசனம்:
இணையம் இல்லை. ஒருமுறையாவது இணைக்கவும்.

றவுட்டரில் நாலு விளக்கு.
மூன்று பச்சை.
நாலாவது, போன மாரிக்குப் பாலைக்கொப்பு விழுந்து
வயர் அறுந்த நாளிலிருந்து சிவப்பு.
கொம்பனிக்கு எடுத்தால்
ஒரு பெண் மூன்று மொழியில் காத்திருக்கச் சொல்கிறாள்.

"பச்சை எரியுதெல்லே?" என்றேன்.
"அது வீட்டுக்குள்ள கதைக்க" என்றாள் சுதாஜினி.
முள்ளியவளைக் கடையில்
ஊரின் உடைந்த போன்களைத் திறந்து மூடுகிறவள்.
"லப்ரொப்பில இருக்கிறதை ரீவிக்கு அனுப்ப
வெளியாலை ஒருத்தரும் தேவையில்லை.
ஆனா உது முதல் ஒருக்கா
வெளியாலை கேக்கவேணுமாம்."

வீட்டுக்குள் ஆளோடு ஆள் கதைக்க
எங்கேயோ ஒருத்தனின் சம்மதம்.
சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ஆகவே
ரீவியைப் படுக்கைவிரிப்பால் சுற்றி
லாண்ட்மாஸ்டர் பெட்டியில் கிடத்தி
குளக்கட்டுக்குக் கொண்டுபோனோம்.
சிக்னல் அங்கேதான் இரண்டு கோடு நிற்கும்.
எதிரே சைக்கிளில் வந்த கேதீஸ்
விரிப்பைப் பார்த்ததும் இறங்கிவிட்டான்.
"ஆருக்கு என்ன?"
"ரீவிக்கு."
கொஞ்ச நேரம் அவனுக்கு
சைக்கிளில் ஏற வரவில்லை.

பற்றறியில் இன்வேட்டர், இன்வேட்டரில் ரீவி,
சுதாஜினியின் போனில் இணையம்.
பெட்டி மொழி கேட்டது. பட்டியலின் அடியில் கிடந்தது தமிழ்.
நாடு கேட்டது. கொடுத்தோம்.
நாற்பது பக்க நிபந்தனைக்கு
வாசிக்காமல் தலையாட்டினோம்.
பிறகு தன்னைப் புதுப்பிக்க வேண்டும் என்றது.
மூன்று ரீலோட் கார்ட் சுரண்டினோம்.
தொண்ணூற்றொன்று வீதத்தில்
மறுகரையில் யானை என்று ஆரோ கத்தினார்கள்.
லாண்ட்மாஸ்டரை ஸ்ரார்ட் பண்ணி
கிளட்சில் பிடித்தபடி
தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிரண்டு,
தொண்ணூற்றேழு.

இரவு
சிவப்பு சிவப்பாகவே இருக்க
படம் வந்தது.
மகளின் இல்ல விளையாட்டுப் போட்டி,
அவள் கடைசியாக ஓடி வருவது சுவரளவுக்கு.
கேட்டுவிட்டு ஒழுங்கையே வந்தது, போன்களோடு.
சுதாஜினி கடவுச்சொல்லைக்
கலண்டரின் பின்பக்கம் எழுதி மாட்டினாள்.
ஆளுக்காள் தங்கள் போனிலிருந்ததை அனுப்பினார்கள்:
உழுந்து காயப்போட்ட பாய்,
தண்ணீர் கண்ட கிணறு,
கேதீசின் கோழிகள் நாற்பது செக்கன்.
உலகத்தை ஒருத்தரும் கேட்கவில்லை.

கோழிகளின் நடுவில் கரண்ட் போனது.
வந்தபோது
ரீவியின் மூலையில் திகதி:
1970 தை 1. நேரம் 00:00.

"வெளியாலை கேட்டால்தான் உதுக்கு நாள் தெரியும்" என்றாள்,
"கேக்க வழியில்லாட்டி
இதிலையிருந்துதான் தொடங்கும்."

அந்தத் திகதியில்
இந்த வீடு கட்டப்படவில்லை.
இடிபடவில்லை.
திரும்பக் கட்டப்படவும் இல்லை.

"கையால மாத்தலாம்."
"கொஞ்சம் நில்" என்றேன்.
ஏழு நிமிசம் விட்டாள்.
ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

பிறகு றிமோட்டை எடுத்தாள்.
ஓர் அமத்தலுக்கு ஒரு வருசம்.
எழுபத்தொன்று, எழுபத்திரண்டு
சும்மா போயின.
எண்பதுகளில் விரல் வேகம் பிடித்தது.
தொண்ணூற்றைந்தில் கேதீஸ்
வெளியே போய்ச் சைக்கிளைச் சாத்திவைத்து வந்தான்.
இரண்டாயிரத்து ஒன்பதில்
இலக்கம் அசையவில்லை.
"பற்றறி போல" என்றாள்.
றிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்,
மூடியைக் கழற்றி, உருட்டி, போட்டாள்.
மீண்டும் அமத்தினாள்.

இன்றைக்கு வந்து சேர்ந்ததும்
ஆரோ இருமினார்கள்.
கேதீசின் கோழிகள்
விட்ட இடத்திலிருந்து கொத்தத் தொடங்கின.